கேழ்வரகு மாவு, வெல்லம் போட்டுப் பிரவுனி: நடுவில் வேகவே இல்லை, எங்கே தவறு?

சத்துவாச்சாரி_அம்மா (சனி, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு எட்டு வயது. களி என்றாலே தட்டைத் தள்ளி வைத்துவிடுவான். கூழ் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன மாதம் நண்பன் பிறந்தநாளில் பிரவுனி சாப்பிட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து தினமும் அதே பேச்சு. கடையில் வாங்கினால் மைதாவும் சர்க்கரையும்தான். சரி, கேழ்வரகு மாவும் வெல்லமும் போட்டு நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

என்னிடம் இருந்த அளவு: மைதா 100 கிராம், சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 110 கிராம், கொக்கோ பவுடர் 40 கிராம், இரண்டு முட்டை, கால் ஸ்பூன் சமையல் சோடா. மைதாவுக்குப் பதில் அதே அளவு கேழ்வரகு மாவு எடுத்துக்கொண்டேன். சர்க்கரைக்குப் பதில் வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். ஓடிஜி ஓவனில் 180 டிகிரி, 30 நிமிடம்.

ஓரமெல்லாம் காய்ந்து வெடித்துவிட்டது. நடுவில் கத்தியை விட்டால் கூழ் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. இன்னும் 20 நிமிடம் வைத்தேன், அப்போதும் அப்படியே. வாயில் போட்டால் மணல் மாதிரி நறநறவென்று வேறு இருக்கிறது. பையன் ஒரு கடி கடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகவே இதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குடியாத்தம்_கேக் (சனி, இரவு 10.15)

வணக்கம் அக்கா. நான் வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன், ஆறு வருடமாக. தண்ணீர்தான் முதல் தவறு. உங்கள் அளவு உலர்ந்த சர்க்கரைக்குப் போட்டது. அதில் வரும் ஈரம் எல்லாம் முட்டையும் வெண்ணெயும் கொடுப்பதுதான். அதற்கு மேல் ஒரு டம்ளர் தண்ணீர் போனால் அது பிரவுனி மாவு இல்லை, தோசை மாவு. ஓரம் காயும் வரை நடுவில் தண்ணீர் வற்றவே வற்றாது.

வெல்லத்தைப் பொடித்துக்கொண்டு மூன்று டேபிள் ஸ்பூன் தண்ணீர் மட்டும் விட்டு, சின்ன தீயில் கரையும் வரை வையுங்கள். பாகுப் பதம் வரக் கூடாது. கரைந்ததும் வடிகட்டி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு ஆறவிட்டு, அப்புறம் முட்டையில் சேருங்கள். சூடாக ஊற்றினால் முட்டை திரிதிரியாக வெந்துவிடும்.

இன்னொன்று, கேழ்வரகில் மைதாவில் இருக்கும் பசைத்தன்மை கிடையாது. ரொட்டிக்கு அது பெரிய குறை, பிரவுனிக்கு அவ்வளவு இல்லை. ஆனாலும் முழுக்கக் கேழ்வரகே போட்டால் வெட்டும்போது உதிரும். நான் 60 கிராம் கேழ்வரகு, 40 கிராம் சப்பாத்திக்கு வாங்கும் முழுக் கோதுமை மாவு என்று போடுகிறேன்.

---

பள்ளிகொண்டா_ஆலை (ஞாயிறு, காலை 6.50)

நறநறப்பைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து வெல்லம் காய்ச்சுகிறோம். கரும்புச் சாறு கொப்பரையில் கொதிக்கும்போது சுண்ணாம்பு போடுவோம். அழுக்கு நுரையோடு மேலே திரண்டு வரும், அதை அள்ளி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். எவ்வளவு அள்ளினாலும் கொஞ்சம் சக்கைத் தூள், கொஞ்சம் மண் வெல்லத்தில் தங்கிவிடும். பொங்கல் வைக்கிறவர்கள் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுவது இதனால்தான். பிரவுனிக்கும் அதேதான். டீ வடிகட்டி போதாது, மெல்லிய வேட்டித் துணி வையுங்கள்.

நிறத்தையும் பாருங்கள். வெளுத்த மஞ்சளாகப் பளபளவென்று இருக்கும் வெல்லம் கண்ணுக்கு அழகு. ஆனால் வெளுப்பாக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் போடும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. சந்தையில் வெளுத்த வெல்லத்துக்குத்தான் விலை கிடைக்கிறது, அதனால் போடுகிறார்கள். என் அப்பா போட மாட்டார். அதற்காகக் குறைந்த விலைக்கே விற்றுவிட்டு வந்த நாட்கள் எனக்குத் தெரியும். வாங்குகிறவர்கள் கருத்த வெல்லத்தைக் கேட்டு வாங்கினால் காய்ச்சுகிறவர்களும் மாறுவார்கள். பிரவுனி எப்படியும் கறுப்புதானே, உங்களுக்கு வெளுத்த வெல்லம் எதற்கு? கருத்த வெல்லத்தில் லேசாக உப்புக் கரிப்பு இருக்கும், அதனால் தனியாக உப்புப் போடாதீர்கள்.

வெல்லம் சூடாக இருக்கும்போது பாலைச் சேர்க்காதீர்கள், திரிந்துவிடும். பாயசம் வைத்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

---

காட்பாடி_அறைவாசி (ஞாயிறு, காலை 11.20)

எங்கள் அறையில் ஓவன் கிடையாது, ஒரு கேஸ் அடுப்பும் குக்கரும்தான். அதில் இது வருமா?

---

குடியாத்தம்_கேக் (ஞாயிறு, பகல் 12.05)

வரும் தம்பி. முதலில் அக்காவுக்குச் சரியாக வரட்டும், அப்புறம் குக்கருக்கு அளவு சொல்கிறேன்.

---

சத்துவாச்சாரி_அம்மா (திங்கள், இரவு 8.30)

இன்று மறுபடி செய்தேன். வெல்லம் 170 கிராம், தண்ணீர் மூன்று ஸ்பூன், துணியில் வடிகட்டினேன். வடிகட்டிய துணியின் அடியில் கறுப்பாக ஒரு விரல் நுனி அளவு மண் நின்றது. இத்தனை நாள் இதையா சாப்பிட்டோம் என்று இருந்தது. நறநறப்பு பாதி குறைந்துவிட்டது. தங்கச்சி சொன்ன மாதிரியே 60க்கு 40 மாவு.

ஆனால் நடு இன்னும் சரியில்லை. முன்பு போல ஓடவில்லை, பசை மாதிரி இருக்கிறது. பல்லில் ஒட்டுகிறது. 25 நிமிடத்தில் பார்த்தேன், 35லும் பார்த்தேன், 45லும் பார்த்தேன். ஓரம் நன்றாகவே இருக்கிறது, பையன் ஓரத்தை மட்டும் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டான். ஓவன் கெட்டுவிட்டதா?

---

குடியாத்தம்_கேக் (திங்கள், இரவு 9.00)

ஓவனாக இருக்கலாம் அக்கா. முள் 180 காட்டினாலும் உள்ளே 160தான் இருக்கும் ஓடிஜிக்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 45 நிமிடத்துக்கு அப்புறமும் பசையாக நிற்கிறது என்றால் எனக்கே புதிராக இருக்கிறது.

---

ஆரணி_டீச்சர் (செவ்வாய், காலை 5.45)

கண்ணு, ஓவனை விடு. என்ன கேழ்வரகு மாவு போட்டாய்? மிஷினில் அரைத்ததா, இல்லை குழந்தைக் கஞ்சிக்கு என்று விற்கிற முளைகட்டிய மாவா?

---

சத்துவாச்சாரி_அம்மா (செவ்வாய், காலை 7.10)

முளைகட்டியதுதான் டீச்சர். சத்து அதிகம் என்று அதையே வாங்கினேன். அதிலா தப்பு?

---

ஆரணி_டீச்சர் (செவ்வாய், காலை 8.00)

அதில்தான். நீ உன் பையனுக்குக் கஞ்சி காய்ச்சிய நாளை நினைத்துப் பார். சாதாரணக் கேவுரு மாவில் இரண்டு ஸ்பூன் போட்டால் கஞ்சி கெட்டியாகி, ஆறினால் கரண்டியே நிற்கும். முளைகட்டிய மாவில் அதே இரண்டு ஸ்பூன் போட்டால் தண்ணியாகவே இருக்கும். ஆறு மாதக் குழந்தை விழுங்குவதற்கு அது வசதி என்றுதானே நம் அம்மாக்கள் முளைகட்டி, காயவைத்து, அரைத்தார்கள்.

காரணம் இதுதான். தானியம் முளைக்கும்போது உள்ளே அமைலேஸ் என்ற நொதி வேலை செய்யத் தொடங்கும். முளைக்கு உணவு வேண்டுமே, அதற்காக மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிக் கொடுக்கும். அரைத்த பிறகும் அந்த நொதி மாவில் இருக்கிறது. ஈரமும் சூடும் கிடைத்தால் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். நல்ல சூடு ஏறிய பிறகுதான் அடங்கும். பிரவுனியின் ஓரம் சட்டென்று சூடாகிவிடுவதால் நொதிக்கு அங்கே நேரம் கிடைக்கவில்லை, அதனால்தான் ஓரம் நன்றாக வந்தது. நடு மெதுவாகச் சூடாகிறது. அதற்குள் மாவுச்சத்து உடைந்து பசையாகிவிட்டது. கெட்டிப்படுத்த வேண்டிய சத்தே போன பின் எத்தனை நிமிடம் வைத்தாலும் வேகாது.

முளைகட்டிய மாவைக் கஞ்சிக்கு வைத்துக்கொள். பிரவுனிக்கு முழுக் கேழ்வரகு வாங்கிக் கல் பொறுக்கி, கழுவி, வெயிலில் உலர்த்தி, மாவு மிஷினில் கொடுத்து நைசாக இரண்டு தடவை ஓட்டச் சொல். வேலூர் வெயிலுக்கு ஒரு நாள் போதும். பிறகு அந்த மாவை வெறும் வாணலியில் சின்ன தீயில் ஐந்தாறு நிமிடம் வறு. பச்சை வாசனை போய், அடை சுடும்போது வருமே அந்த வாசனை வரும். அப்போது இறக்கிவிடு. வறுத்ததைச் சல்லடையில் சலித்தால் மிச்ச நறநறப்பும் போய்விடும்.

நான் பிறந்தபோது ஆரணியும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1989ல் இரண்டாகப் பிரித்தார்கள். வேலூரை 2019ல் மறுபடி மூன்றாக்கினார்கள். எத்தனையாகப் பிரித்தாலும் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றாத ஊர் இந்தப் பக்கம் உண்டா? கேவுரு நம் கைக்குப் பழகிய தானியம். அதன் குணம் தெரிந்து செய்தால் எந்த ஊர்ப் பலகாரத்துக்கும் வளைந்து கொடுக்கும்.

---

குடியாத்தம்_கேக் (செவ்வாய், காலை 9.30)

டீச்சர், ஆறு வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாடிக்கையாளருக்கு ராகி கேக் செய்து இப்படியே பசையாகி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போதும் சத்து மாவு என்று முளைகட்டியதைத்தான் போட்டிருந்தேன். இன்றுதான் காரணம் தெரிகிறது. மிக்க நன்றி.

---

தட்டும்_அளவும் (செவ்வாய், மாலை 6.15)

நான் ஊட்டச்சத்து ஆலோசகர், காட்பாடி. நல்ல உரையாடல். ஆனால் தலைப்பில் இருக்கும் இரண்டு பொருளையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். மாவை மாற்றினால் உண்மையிலேயே லாபம். 100 கிராம் மைதாவில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகிலும் முழுக் கோதுமை மாவிலும் 11 கிராம் அளவுக்கு இருக்கிறது. கேழ்வரகில் கால்சியமும் 100 கிராமுக்கு 350 மில்லி கிராம் பக்கம் வரும்.

ஆனால் துண்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். 60 கிராம் கேழ்வரகை 16 துண்டாக்கினால் ஒரு துண்டில் கால்சியம் 13 மில்லி கிராம். ஒரு டம்ளர் பாலில் 240 இருக்கும். ஆகவே பையனுக்குக் கால்சியம் போகிறது என்று ஒன்றுக்கு நாலாகக் கொடுத்துவிடாதீர்கள்.

வெல்லம் வேறு கதை. அதில் கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் இருப்பது உண்மை. ஆனால் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் வெல்லத்துக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன அளவு, சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதம் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு அது 50 கிராம், 25 கிராம். தேனும் அந்தக் கணக்கில் சேரும். உங்கள் பிரவுனியில் துண்டுக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை வருகிறது. எட்டு வயதுப் பையனுக்கு ஒரு துண்டு சரி.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் யாராவது இருக்கிறார்களா?

---

சத்துவாச்சாரி_அம்மா (செவ்வாய், இரவு 9.10)

மாமியாருக்கு இருக்கிறது மேடம். நேற்று ஓரத் துண்டுகளை எடுத்து நாலு சாப்பிட்டார்கள். நான் சொன்னதற்கு, "வெல்லம் போட்டதுதானே, ஒன்றும் பண்ணாது" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். காலையில் குத்திப் பார்த்தால் வழக்கத்தைவிட நிறைய ஏறியிருந்தது.

---

தட்டும்_அளவும் (செவ்வாய், இரவு 9.40)

இதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். வெல்லம் என்றதும் பயம் போய்விடுகிறது, கை கூடுதலாகப் போகிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆசையாக இருந்தால் அரைத் துண்டு போதும், சாப்பாட்டோடு சேர்த்து, அன்று வேறு இனிப்பு இல்லாமல். மாத்திரை விஷயம் அவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

---

ராணிப்பேட்டை_சைவம் (புதன், காலை 10.00)

எனக்கு ஒரு சந்தேகம். வெல்லமும் சர்க்கரையும் ஒன்றுதான் என்றால் இவ்வளவு கஷ்டப்படுவது எதற்கு? சர்க்கரையே போட்டுவிடலாமே. அப்புறம், முட்டை இல்லாமல் செய்ய வழி இருக்கிறதா?

---

குடியாத்தம்_கேக் (புதன், பகல் 1.20)

ருசிக்காக அக்கா. வறுத்த கேழ்வரகின் வாசனையும் கருத்த வெல்லத்தின் வாசனையும் கொக்கோவின் கசப்போடு சேரும்போது வருகிற ருசி சர்க்கரைக்கு வராது. சர்க்கரையில் இனிப்பு மட்டும்தான் இருக்கிறது. வெல்லத்தில் வாசனையும் இருப்பதால் அளவைக் குறைத்தாலும் குறைத்த மாதிரி தெரியாது. பழைய அளவில் 200 கிராம் சர்க்கரை இருந்தது, இப்போது 170க்கு வந்திருக்கிறோம். நான் வீட்டுக்குச் செய்யும்போது 140 போடுகிறேன், என் பிள்ளைகளுக்கு அதுவே பழகிவிட்டது. என்னைக் கேட்டால் லாபமே அந்த 60 கிராம்தான்.

வெல்லத்தில் ஈரம் நிற்கும், அதனால் மறுநாள் இன்னும் மெத்தென்று இருக்கும். ஆனால் கடைப் பிரவுனியில் மேலே கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக வெடித்துப் பளபளக்குமே, அது வெல்லத்தில் சரியாக வராது. சர்க்கரை கரைந்து, அடித்த முட்டையோடு சேர்ந்து காய்வதால் வரும் தோல் அது. அதற்காகக் கவலைப்படாதீர்கள்.

முட்டைக்குப் பதில், ஒரு முட்டைக்கு ஒரு டேபிள் ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள் ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் வழவழப்பாக வரும், அது போதும். இல்லையென்றால் கால் கப் கெட்டித் தயிர். ஆனால் முட்டை இல்லாமல் செய்யும்போது கோதுமை மாவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், கேழ்வரகு 40, கோதுமை 60.

பேரீச்சம்பழத்திலும் செய்யலாம். 150 கிராம் கொட்டை நீக்கிய பழத்தை அரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைத்துச் சேருங்கள். வெல்லமே வேண்டாம், வெண்ணெயும் 80 கிராம் போதும். அல்வாப் பதத்துக்கு வரும். தேனில் மட்டும் செய்யாதீர்கள், சீக்கிரம் கருகும். ஜவ்வாது மலைத் தேனின் வாசனையும் ஓவன் சூட்டில் போய்விடும். ஆறிய பிறகு மேலே ஒரு சொட்டு விட்டால் அந்தத் தேனுக்கு மரியாதை.

---

தட்டும்_அளவும் (புதன், பகல் 2.00)

ஒரு வயது ஆகாத குழந்தைகளுக்குத் தேன் எந்த வடிவிலும் வேண்டாம், ஒரு சொட்டுக்கூட.

---

சத்துவாச்சாரி_அம்மா (ஞாயிறு, மாலை 5.30)

வந்துவிட்டது! செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

டீச்சர் சொன்னபடி நேதாஜி மார்க்கெட்டில் முழுக் கேழ்வரகு வாங்கி, கழுவி மாடியில் உலர்த்தி, மிஷினில் இரண்டு தடவை அரைத்தேன். வறுக்கும்போது வீடு முழுக்க எங்கள் பாட்டி வீட்டு வாசனை. 60 கிராம் அந்த மாவு, 40 கிராம் கோதுமை மாவு, 40 கிராம் கொக்கோ, மூன்றையும் சேர்த்துச் சலித்தேன். 150 கிராம் கருத்த வெல்லம், மூன்று ஸ்பூன் தண்ணீர், கரைத்து வடிகட்டி ஆறவைத்தேன். 110 கிராம் வெண்ணெயை உருக்கி அதில் கலந்தேன். இரண்டு முட்டையை நுரைக்க அடித்து ஊற்றி, மாவைச் சேர்த்துக் கலந்து, 20 நிமிடம் மூடி வைத்தேன். கூழுக்கு முதல் நாளே மாவைக் கரைத்து வைக்கிறோமே, அந்த நினைப்பில் செய்தது. மாவு ஊறியதும் நறநறப்பு சுத்தமாக இல்லை. கடைசியாகக் கால் ஸ்பூன் சோடாவை ஒரு ஸ்பூன் காபி டிகாக்‌ஷனில் கரைத்துச் சேர்த்தேன். வால்நட் விலைக்கு நம்மால் முடியாது, நம் ஊர் வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி உடைத்து ஒரு கைப்பிடி மேலே தூவினேன்.

எட்டு அங்குலச் சதுர டின், பட்டர் பேப்பர், 170 டிகிரி, 24 நிமிடம். குச்சி விட்டுப் பார்த்தபோது ஈரத் துகள் இரண்டு ஒட்டியது, அப்போதே எடுத்துவிட்டேன். சூட்டோடு வெட்டாமல் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கத்தி சுத்தமாக இறங்கியது. நடுத் துண்டும் ஓரத் துண்டும் ஒரே மாதிரி.

பையன் முதலில் நடுத் துண்டைத்தான் எடுத்தான். இரண்டாவது கேட்டான், நாளைக்கு என்றேன். மாமியாருக்கு அரைத் துண்டு கொடுத்தேன். மேடம் சொன்னதைச் சொன்னேன். கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் மீதி அரைத் துண்டை அவர்களே பேரனிடம் கொடுத்துவிட்டார்கள்.

---

ஆரணி_டீச்சர் (ஞாயிறு, இரவு 7.15)

சந்தோஷம் கண்ணு. இந்த வெயிலில் வெளியே ஒரு நாளைக்கு மேல் வைக்காதே, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வை. மிஷினில் அரைத்த மாவையும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் கசக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்.

---

பள்ளிகொண்டா_ஆலை (ஞாயிறு, இரவு 8.00)

கருத்த வெல்லம் என்று கேட்டு வாங்கியதற்கு நன்றிங்க. அப்பாவிடம் இந்தப் பதிவைப் படித்துக் காட்டினேன். வேர்க்கடலை போட்டதைக் கேட்டுவிட்டு, "அப்போ அது கடலை உருண்டைக்குச் சொந்தம்தான்" என்றார்.

---

காட்பாடி_அறைவாசி (ஞாயிறு, இரவு 10.50)

நானும் இன்று குக்கரில் செய்தேன். பாதி அளவு, சின்ன வட்ட டின். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் டின்னை வைத்தேன். சின்ன தீயில் 40 நிமிடம். ருசி நன்றாக இருந்தது, அறையில் நாலு பேரும் சாப்பிட்டோம். ஆனால் அடி பிடித்துவிட்டது.

---

குடியாத்தம்_கேக் (திங்கள், காலை 6.30)

குக்கர் அடியில் உப்புப் போட்டாயா தம்பி? ஓர் அங்குல உயரத்துக்குக் கல் உப்பைக் கொட்டி, மூடி வைத்துப் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு அப்புறம் டின்னை வை. சூடு சீராக ஏறும். அந்த உப்பை ஆறவைத்து எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும். பாதி அளவுக்கு 30 நிமிடத்திலேயே குச்சி விட்டுப் பார்.